கடலுக்குப் பெரட்டு கிடையாது

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, காயம் காய்ந்து வருகிறது. எப்படி வந்தது என்பது கடிதத்திலேயே வரும். அவரால் பேனா பிடிக்க முடியாததால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். வீட்டுப் பேச்சில் அவர் சொல்வதை எழுத்துத் தமிழில் போடுகிறேன். அது ஒன்றுதான் என் கைவேலை. "இதை அடித்துவிடு" என்று பிறகு அவர் சொன்னாலும் அடிக்கமாட்டேன் என்று இப்போதே அவரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன். மற்றபடி இனி வரும் 'நான்' அப்பாதான்.

மகனே,

நீ மூவாரில் இருப்பதாக எழுதிய கடிதம் நேற்று வந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு போன லாரி முச்சந்தியில் வடக்கே திரும்பியதா தெற்கே திரும்பியதா என்று தெரியாமல் உன் அம்மா ஐந்து வாரம் தூங்கவில்லை. வடக்கே என்றால் சயாம். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவன்கூட இன்னும் இந்தத் தெருவுக்குத் திரும்பவில்லை. தெற்கே திரும்பியிருக்கிறது. நீ கம்பி வேலி போடும் வேலையில், மேஸ்திரியாக, மூவார் ஆற்றங்கரையில் இருக்கிறாய். இதை உன் தங்கை வாசித்ததும் உன் அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை வாசி" என்றாள். மூன்று தடவை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது தடவைதான் கடிதத்தின் கடைசிப் பகுதி என் காதில் ஒழுங்காக விழுந்தது.

ஆற்றங்கரை நெடுகக் கம்பி கட்டச் சொல்லியிருக்கிறார்கள், மீன்காரர்கள் படகு ஏற்றும் இடமும் அதற்குள் வருகிறது, அவர்கள் தினமும் வந்து ஒன்றும் பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள், வரும் வாரம் அந்த இடத்தில் கம்பம் நட வேண்டும், "அப்பா, நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாய். இருபத்தொரு வயதில் நீ என்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. போன மாதம் கேட்டிருந்தால் உனக்குத் தவறான பதிலைச் சொல்லியிருப்பேன். நல்ல வேளை, இப்போது கேட்டாய். இதே வேலையை நான் உஜோங் பாசிரில் இப்போதுதான் செய்து, கெடுத்து, ஒருவழியாகச் சரி செய்து முடித்திருக்கிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசி.

நீ போன மறுவாரம் என்னையும் என் ரோட்டு ஆட்களையும் உஜோங் பாசிர் கடற்கரைக்கு ஜப்பான்காரர்கள் அனுப்பினார்கள். எதிரி கடல் வழியாக வந்துவிடுவானாம். அதனால் கரை முழுவதும் முள்கம்பி. அந்தக் கரையில் இறால் பிடிக்கும் லாசாரோவை உனக்கு நினைவிருக்கும். உன் எட்டாவது வயதில், தோட்டத்தை விட்டு நாம் காஜா பெராங்குக்கு வந்த புதிதில், உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கெராகாவ் என்ற பொடி இறால் பிடிக்கும்போது கட்டிக்கொள்ளும் மரக்காலில் உன்னை ஏற்றிவிட்டார். இரண்டு அடி வைத்தாய், மூன்றாவது அடியில் சேற்றில் குப்புற விழுந்தாய். "சினாங்கூனி மாதிரி சின்ன இறால்தானே, அதுக்கு இவ்வளவு உயரக் கால் எதுக்கு?" என்று சேற்று வாயோடு நீ கேட்டதைச் சொல்லி அவர் இன்றைக்கும் சிரிக்கிறார். அவரும் அவருடைய ஆட்களும் படகு இல்லாதவர்கள். கடல் வற்றும்போது நடந்தே உள்ளே இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் முக்கோண வலையைத் தள்ளிக்கொண்டு போவார்கள். கரையை அடைத்தால் படகுக்காரனாவது ஆற்று வழியாகப் போகலாம். இவர்களுக்குக் கரைதான் வாசல். வேறு வாசல் கிடையாது.

அதனால் வேலை தொடங்கிய அன்றே துணிந்து முகாம் அதிகாரியிடம் போனேன். துணிந்து என்று சொல்வது பெருமைக்கு இல்லை, வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். குனிந்து வணங்கி, மலாயில் சொல்லி, துபாஷி அதை நிப்போன் மொழியில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் ஓர் இடைவெளி வேண்டும், கதவு மாதிரி, இறால்காரர்கள் போய்வர, என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். பிடிப்பதில் தினமும் ஒரு டின் முகாமுக்குக் கொடுக்க வேண்டும். கதவில் காவல்காரன் நிற்பான். ஆளுக்கு ஒரு சீட்டு. பிறகு துபாஷி என்னைப் பார்த்து, "எத்தனை மணிக்குத் திறக்கணும்?" என்று கேட்டான்.

மகனே, இந்த இடத்தில்தான் நான் தவறினேன். பத்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவன் நான். விடியும் முன் தப்பு அடிக்கும். வரிசையில் போய் நின்று பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பிறகு நானே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆகி, இந்த ஊர் ரோட்டில் விசில் ஊதிப் பெரட்டு எடுத்தேன். எத்தனை மணி என்று யாராவது கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும். "காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, துவான்" என்றேன். இப்போது ஓடும் தோக்கியோ மணிக்கு எட்டு, பழைய மணியில் ஆறரை. நம் ஆட்களின் பெரட்டு நேரம். லாசாரோவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாங்கிக் கொடுத்தவன் நான் என்ற நினைப்பில் மார்பை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன்.

(அண்ணா, அன்றைக்கு அப்பா வரும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அந்த உத்தரவை நிப்போன் எழுத்தில் பலகையில் எழுதிக் கொடுத்தது நான். பள்ளியில் கத்தகானாவில் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் யாரும் இல்லை என்ற கர்வம் எனக்கு. எட்டு என்றும் பதினொன்று என்றும் அழகாக எழுதினேன். பூகோளப் புத்தகத்தில் கடல் ஏற்றவற்றம் தினமும் தள்ளிப்போகும் என்று படித்திருக்கிறேன், தேர்வில் பதிலும் எழுதியிருக்கிறேன். பலகை எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அப்பா இதைச் சொல்ல வேண்டாம் என்கிறார். எழுதிவிட்டேன்.)

முதல் நான்கு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. முதல் நாள் ஒன்பது மணிவாக்கில் நீர் வற்றியது, அடுத்த நாட்களில் தள்ளித் தள்ளி வற்றியது, ஆனாலும் கதவு திறந்திருந்தது, அவர்கள் இறங்கினார்கள். முகாமுக்கு டின் நிறைந்தது. மிச்சத்தில் கொஞ்சம் நம் வீட்டுக்கும் வந்தது. பக்கத்து வீட்டு பிபிக்கும் கொடுத்தேன். தெரியுமே, அவர்கள் மலாக்கா செட்டி வீட்டார், சாமி கும்பிடும்போது மட்டும்தான் வாயில் நாலு தமிழ்ச் சொல் வரும், மற்றதெல்லாம் மலாய். பிபி அந்த இறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, பெலாச்சான் செய்து கொடுத்தார். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதின்று நாக்குச் செத்துப் போயிருந்த வீட்டில் அன்றைக்குத்தான் உன் அம்மா ருசி பார்த்துச் சிரித்தாள். ஐந்தாம் நாள் மதியம் கரைப் பக்கம் போனேன். கதவு மூடிக் கிடந்தது. காவல்காரன் நிழலில் உட்கார்ந்திருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் லாசாரோவும் பத்துப் பன்னிரண்டு பேரும் வலையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் கடல் நன்றாக வற்றி, சேறு பளபளவென்று கிடந்தது.

"என்ன லாசாரோ, காலையில எறங்கலையா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலாயில்தான் சொன்னார், ஆனால் பெரட்டு என்ற சொல்லை எங்கள் ஆட்களிடமிருந்து கற்று வைத்திருக்கிறார். "காலையில தண்ணி தலைக்கு மேல நின்னுச்சு, மண்டோர். கடலுக்கும் நீ பெரட்டு வெச்சிருக்கியா? எட்டு மணிக்கு வந்து பேர் கொடுக்கணும்னு அதுகிட்ட சொன்னியா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "விசில் ஊதிப் பாரு மண்டோர், வந்தாலும் வரும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீர் வற்றுவது நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும் என்பது அந்தக் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. மறுபடி எட்டு மணிக் கதவுக்கு நீர் வந்து பொருந்த இன்னும் பத்து நாள் ஆகும் என்று லாசாரோ விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "அதுவரைக்கும் எங்க வீட்ல கம்பியைச் சாப்பிடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவே வைக்காமல் இருந்திருந்தால் அவர்கள் ஆற்றுப் பக்கமாவது போய் ஏதாவது பார்த்திருப்பார்கள். நான் கொடுத்த கதவை நம்பி நின்றார்கள்.

ஆறாம் நாள் காலை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். டின் ஏன் காலி என்று கேட்டார். இறால்காரர்கள் சோம்பேறிகள் என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். துபாஷியே அதை என் வாயில் எடுத்துக் கொடுத்தான்: "அவனுங்க ஒழுங்கா வேலை செய்யலைன்னு சொல்லேன்." சொல்லவில்லை. தவறு என்னுடையது, நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், கடல் நம் மணிக்கு நடக்காது என்றேன். ஓர் அறை விழுந்தது. இதை இதுவரை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறாள்.

(அம்மா வந்து அப்பாவின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாள் கழிச்சு என்னத்தைப் பார்க்கிற?" என்று அப்பா கேட்டார். "கல்லுளிமங்கன்" என்று அம்மா சொன்னார். பிறகு இங்கேயே உட்கார்ந்துவிட்டார்.)

அறைந்த பிறகு அதிகாரி, சரி, அப்படியானால் எந்த நேரம் என்று கேட்டார். நீர் வற்றும் நேரமெல்லாம் என்றேன். அதைக் காவல்காரன் எப்படித் தெரிந்துகொள்வான் என்றார். நியாயமான கேள்விதான். எழுத்தில் வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் மணி போட்டு வேண்டும், இரண்டு நாளில் வேண்டும், ஒரு நாள் தப்பினாலும் கதவே கிடையாது என்று முடித்தார். இந்தத் தடவை நேராக லாசாரோ வீட்டுக்குப் போனேன், உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. வாசலிலேயே நின்று, "நான் கேக்காம செஞ்சிட்டேன், லாசாரோ. இப்ப கேக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் மரக்காலுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார், அதைச் சுற்றி முடித்தார். பிறகு உன் தங்கையைப் பார்த்து, "இதுதான் பலகை எழுதின பொண்ணா? எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. வா, உக்காரு" என்றார்.

(லாசாரோ மாமாவிடம் கடிகாரம் இல்லை. நிலவுக்கு இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று விரலில் எண்ணி, பழைய மணிக் கணக்கில் நேரம் சொன்னார். நான் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி கூட்டித் தோக்கியோ மணியாக மாற்றினேன். சரிதானா என்று பார்க்க வேலியோரம் சேற்றில் ஒரு குச்சி நட்டு, சாண் சாணாகக் கோடு போட்டு, அப்பாவின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் பார்த்தேன். இரண்டு நாளும் அவர் சொன்ன நேரத்துக்குக் கால் மணிக்குள் நீர் அடியில் போய் நின்றது. இருபத்தெட்டு நாளுக்குப் பட்டியல் எழுதினேன். அதிகாரி முத்திரை போட்டார்.)

எட்டாம் நாள் மதியம் ஒரு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். பட்டியல் காவல்காரன் கையில் இருந்தது. அவனும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினான். ஆனால் கதவு திறக்கவில்லை. ஆறாம் நாளே, பட்டியல் வரும்வரை யாரும் அத்து மீறக்கூடாது என்று என் ஆட்களை விட்டே கதவை முறுக்குக் கம்பியால் கட்டச் சொல்லியிருந்தார்கள். என் ஆட்கள் கட்டினால் அது சாமானியத்தில் அவிழாது. அப்படிப் பழக்கியவன் நான். குறடு சாமான் கொட்டகையில் இருந்தது, கொட்டகைச் சாவி ஊருக்குள் இருந்தது. நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கையாலேயே முறுக்கைப் பிரித்தேன். நான்காவது முறுக்கில் முள் உள்ளங்கையில் ஏறியது. அப்படித்தான் இந்தக் கட்டு. வேறு ஒன்றும் இல்லை, உன் அம்மா உனக்குத் தனியாக எழுதச் சொல்லி ஏதாவது பெரிதாக்கினால் நம்பாதே.

கதவு திறந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். லாசாரோ நன்றி கின்றி என்று ஏதாவது சொல்வார் என்று எனக்குள் ஓர் அற்ப ஆசை இருந்திருக்க வேண்டும். அவர் வலையோடு வந்து, "மண்டோர், வழியில நிக்காதே" என்றார். விலகினேன். ஒவ்வொருவராக என்னைக் கடந்து சேற்றில் இறங்கினார்கள், மரக்காலைக் கட்டிக்கொண்டார்கள், வலையை விரித்துத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். மகனே, அன்றைக்கு என் நெஞ்சில் இருந்து இறங்கிய பாரத்தை என்னவென்று சொல்ல? உன் கடிதம் வந்தபோது இறங்கியது ஒரு பாதி என்றால், மறு பாதி அன்றைக்கே அந்தச் சேற்றில் இறங்கிவிட்டது. மாலையில் முகாம் டின் நிறைந்தது. அவர்கள் வீட்டுக் கூடைகளும் நிறைந்தன.

இதில் உனக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. உனக்குப் பதினைந்து வயது இருக்கும். பிபி வீட்டுப் பின்புறம் நான் கால்வாய் வெட்டும்போது, "அப்பா, அவங்க தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும், அவங்களைக் கேட்டீங்களா?" என்றாய். இருபது ஆட்களுக்கு முன்னால் உன்னைத் திட்டினேன்: "நேத்து முளைச்ச நீ எனக்கு மட்டம் பார்க்கச் சொல்லித் தர்றியா?" அந்த மழைக்குப் பிபியின் சமையலறையில் முழங்கால் தண்ணீர். கால்வாயை ஓசைப்படாமல் திருப்பி வெட்டினேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ அன்று சொன்னதுதான் சரி. ஆறு வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

ஆகவே மூவாரில் நீ செய்ய வேண்டியது உனக்குள்ளேயே இருக்கிறது. அந்த மீன்காரர்கள் வந்து நிற்கும்போது நீயே முதலில் பேசு. எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்காதே. அவர்களில் ஒருவரைப் படகு வரைக்கும் நடந்து காட்டச் சொல்லி, பின்னாலேயே போ. அவர் கால் பட்ட இடத்தில் கம்பம் நடாதே. அதன் பிறகு அதிகாரியிடம் போய்க் கேள். அவருக்கு எது வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு கேள். கதவின் கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, குறடு யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்து வை. அறை விழலாம். விழுந்தால் வாங்கிக்கொள், எதிர்த்து நிற்காதே. நீ உயிரோடு இருந்தால்தான் அந்தக் கதவைத் திறந்து வைக்க ஆள் இருக்கும். ஒன்றை மறக்காதே: அந்தக் கரையில் கம்பியைக் கட்டியவன் நான்தான். கதவு வாங்கிக் கொடுத்தேன் என்பதால் கம்பி கட்டவில்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இன்னும் எல்லாம் முடியவில்லை. சீட்டு, வலை தள்ளும் ஆண்களுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதே சேற்றில் சிப்பி பொறுக்கும் பெண்கள் வேலிக்கு வெளியே கூடையோடு நிற்கிறார்கள். இதையும் நான் பார்க்கவில்லை. உன் தங்கை குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாளைக்கு அவர்களில் இரண்டு பேரிடம் முதலில் பேசிவிட்டு, பிறகு அதிகாரியிடம் போகிறேன். பெயர்களை நிப்போன் எழுத்தில் எழுதித் தயாராக வைத்திருக்கிறாள். இந்தத் தடவை கதவு இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, டின்னும் நிறைந்திருக்கிறது. வாசலில் திரும்பாமல் நேராக உள்ளே போவேன் என்று நினைக்கிறேன். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. காலையில் மூவாருக்குப் போகும் லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பிபி ஒரு வில்லை பெலாச்சான் கொடுத்திருக்கிறார். வாழையிலையில் சுற்றியிருக்கிறது, சட்டைப் பையில் வைத்துவிடாதே, ஒரு மாதத்துக்கு வாசம் போகாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா.

(அண்ணா, அப்பா சொல்லி முடித்துவிட்டார். அம்மா சொன்னது: வெந்நீர் குடி, வெறுங்காலோடு ஆற்றில் இறங்காதே, வடக்கே போகிற எந்த லாரியிலும் ஏறாதே. உஜோங் பாசிரில் நாளை நீர் வற்றுவது மாலை ஆறே கால், தோக்கியோ மணி. நாலரைக்குக் கதவு திறக்கும். சிப்பிக்காரப் பெண்கள் பதினான்கு பேர்; பெயர்களை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். இருட்டடிப்பு நேரம் ஆகிவிட்டது. பிபி வீட்டிலும் எதிர் வீட்டிலும் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இதோ, அம்மா நம் விளக்கையும் அணைக்க எழுந்துவிட்டார்.)